வெளியே பெயின்ற், உள்ளே கறள்
(சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



போன மாதம் செயலாளர் அண்ணை, "தம்பி, நீர் சனிக்கிழமைகளில பிளேன் திருத்தப் போறீராம். அதைப்பற்றி ஒரு பத்து நிமிசம் கதையுமன்" எண்டு கேட்டார். நான் எஞ்சினியர் இல்லை. ஊரில ஏ.எல். எடுத்ததோட படிப்பு நிண்டுபோச்சு. இங்கே ரொறன்ரோவில் இரும்புச் சாமான் செய்யிற பக்ரரியில் வேலை. எங்கட போர்மனிடம் சொந்தமாக ஒரு சின்ன விமானம் இருக்கிறது. ஒரு நாள் உதவிக்குக் கூப்பிட்டார். மூன்று வருசமாகப் போய் வருகிறேன்.

விமானச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடின ஆக்கள் நாங்கள். இது வேறு சாதி விமானம். வடக்கு ஒன்ராறியோவில் வாகனத் தெரு போகாத ஏரிகள் ஏராளம். அங்கே போக, குளிர்காலத்தில் பனிச்சறுக்குக் கட்டையும் கோடையில் மிதவையும் பூட்டிக்கொண்டு பறப்பார்கள். இந்த வேலைக்கென்றே எங்கட ரொறன்ரோவில், டவுன்ஸ்வியூவில், 'பீவர்' என்ற விமானத்தைச் செய்தார்கள். 1947இல் முதன்முதல் பறந்தது. 1,600க்கு மேல் செய்திருக்கிறார்கள்.

போர்மனுடையது அதைவிடச் சின்னது. 'பைப்பர் சூப்பர் கப்' என்று பெயர், 1949இல் வந்த மாதிரி. முன்னுக்கு ஒருவர், பின்னுக்கு ஒருவர். இரும்புக் குழாயால் செய்த எலும்புக்கூடு, அதற்கு மேல் துணி. ஓம், துணிதான்! பொலியெஸ்ரர் துணியை ஒட்டி, சூட்டு அளவு பார்த்து அயன் பொக்ஸால் அழுத்தினால் மேளத்தோல் மாதிரி இறுகும். பிறகு அதற்குரிய பூச்சு. நான் முதல் நாள் தட்டிப் பார்த்துவிட்டு, இதிலயோ மேலே போறது எண்டு நினைச்சன்.

சித்திரை மாதம் இவர்களுக்கும் ஒரு இடைக்காலம். ஏரியில் பனிக்கட்டி இளகத் தொடங்கும். சறுக்குக் கட்டையிலும் இறங்கேலாது, மிதவையிலும் இறங்கேலாது. விமானம் சும்மா நிற்கிற அந்த நேரத்தில் வருடாந்தச் சோதனையை முடிப்பார்கள். ஒயில் மாற்றுவது, சறுக்குக் கட்டையைக் கழற்றுவது, ஆறு அங்குலத்துக்கு மேற்படாத துணிக் கிழிசலை ஒட்டுவது போன்ற சில்லறை வேலைகளைச் சொந்தக்காரரே செய்து கையெழுத்து வைக்கலாம். மற்றதெல்லாம் லைசென்ஸ் உள்ள மெக்கானிக் பார்த்து ஒப்பமிட வேணும். முழு வேலையையும் தானே செய்து தானே ஒப்பமிடுகிற ஒரு பிரிவும் கனடாவில் இருக்கிறது. செலவு குறையும். ஆனால் அதற்கு மாறின விமானத்தை அமெரிக்காவுக்குள் விடமாட்டார்கள், வித்தால் விலையும் போகாது. போர்மன் அதற்குப் போகவில்லை. நானும் அவர் பக்கம்தான். இன்னொரு கண் பார்க்கிறது நல்லது.

எனக்குப் பிடித்த வேலை ஒயில் பில்ரர். ஐம்பது மணித்தியாலம் பறந்ததும் மாற்றுவார்கள். கழற்றினதை எறிவதில்லை. வெட்டி, உள்ளே இருக்கிற தாளை விரித்து, வெளிச்சத்தில் பிடித்து இரும்புத் தூள் மினுங்குதோ எண்டு பார்க்க வேணும். எஞ்சினுக்கு வருத்தம் எண்டால் முதலில் அங்கேதான் தெரியும்.

இப்ப இந்த வருசக் கதைக்கு வாறன். போர்மன் இரண்டு வருசமாகக் காசு சேர்த்தது 31 அங்குல ரயர் வாங்க. கல்லிலும் மணலிலும் இறங்கக்கூடிய, காற்றுக் குறைந்த பெரிய பலூன் ரயர். படத்தை வேலைத்தலத்தில் ஒட்டி வைத்திருந்தார்.

செட்டையைக் கீழிருந்து தாங்க ஒவ்வொரு பக்கமும் இரண்டு குழாய்த் தண்டு இருக்கிறது. பழைய தண்டுகளுக்குள் ஈரம் போகும். தண்ணி அடிக்கு வடிந்து நின்று, உள்ளுக்குள்ளிருந்து கறள் தின்னும். வெளியில் பெயின்ற் பளபளவென்று இருக்கும். 1993இல் அமெரிக்க விமானத்துறை இவற்றைச் சோதிக்கச் சொல்லிக் கட்டளை போட்டது. அந்தச் சோதனையை 24 மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேணும். மெக்கானிக் ஒரு கூர்க் கருவியைத் தண்டின் அடியில் வைத்துக் குறித்த அளவுக்கு அழுத்துவார். நல்ல இரும்பு அசையாது. இடதுபக்கப் பின் தண்டில் வைத்து அழுத்தினார், பள்ளம் விழுந்தது. ஒருவரும் பேசவில்லை. மேலே இருக்கும்போது அந்தத் தண்டு விட்டால் செட்டை மடங்கும். போன புரட்டாதியில் அந்த விமானத்தில்தான் அவர் பேரனை மீன்பிடிக்கக் கொண்டுபோனவர்.

ரயர்க் காசு புதுத் தண்டுக்குப் போனது. நான்கையும் மாற்றினார். முழுக்க மூடி அடைத்த வகை. உள்ளே ஈரம் போகாது, இரண்டு வருசத்துக்கொருக்கா அழுத்திப் பார்க்கவும் தேவையில்லை.

ரயர் பூட்டினால் பாரமும் கூடும், அதையும் சொல்ல வேணும். இந்த விமானம் மொத்தமாக 1,750 இறாத்தலோடுதான் கிளம்பலாம். போர்மனுடையது வெறுமையாகவே 1,150. மிச்சம் 600. ஆளுக்கு 180 படி இரண்டு பேர், 360. 36 அமெரிக்க கலன் பெற்றோல், 216. இனி 24 இறாத்தல்தான் மிச்சம். அதுக்குள்ள கூடாரம், கோடரி, சாப்பாடு எல்லாம். ஒவ்வொரு 'முன்னேற்றமும்' அந்த 24இலிருந்துதான் கழியும். ஆனால் ஒரு சாமானுக்குப் பாரம் பார்க்கக் கூடாது. விழுந்தால் தானாகக் கூப்பிடுகிற அவசரக் கருவி. பழைய 121.5 அலைவரிசையைச் செய்மதிகள் 2009இல் கேட்பதை நிறுத்திவிட்டன. 406 வகைதான் வேணும். அது விமானத்தின் அடையாள இலக்கத்தையும் சேர்த்து அனுப்பும். காட்டுக்குள் தேடுகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய உதவி எண்டு யோசித்துப் பாருங்கோ.

தண்டுகள் பூட்டியாச்சு, மெக்கானிக் லொக் புத்தகத்தில் ஒப்பமிட்டாச்சு. வாற சனிக்கிழமை மிதவையைப் பூட்டப் போறம், இரண்டு கை காணாது. பெரிய பிள்ளைகளில் ஆருக்கும் வந்து பார்க்க விருப்பமெண்டால் தாய் தகப்பனைக் கேட்டுவிட்டு என்னட்டச் சொல்லுங்கோ. விடிய ஆறு மணிக்கு வெளிக்கிட வேணும், பழைய உடுப்போட வரவேணும்.