கொள்ளைநோய்க் காலத்துத் தாதியரும் நமது கடமையும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



கல்வி நிதியைப் பற்றியும் திருமண மண்டபத்துக் கணக்கைப் பற்றியும் பேசத் தக்கார் இங்கே பலர் இருக்கின்றனர். அவ்விஷயங்களை அவர்கள்பால் விட்டு, எவரும் பேச விரும்பாத ஒன்றை எடுத்துக்கொள்ள யாம் துணிந்தோம். கொரோனா என்னும் கொள்ளைநோயை நாம் ஏறக்குறைய மறந்துவிட்டோம். 2020-ம் வருஷம் மார்ச்சு மாதம் 11-ந் தேதி அதனை உலகக் கொள்ளைநோயென்று கூறிய உலக சுகாதார ஸ்தாபனம், 2023-ம் வருஷம் மே மாதம் 5-ந் தேதி, அவசரநிலை நீங்கியதாக அறிவித்தது. வியாதி அடியோடு ஒழியாவிடினும் அச்சம் ஒழிந்தது. ஆயினும், அக்காலத்தில் நோயாளிகளின் கட்டிலருகே நின்ற தாதியர், வைத்தியர், துப்புரவுப் பணியாளர், 108 வண்டி ஓட்டியவர் ஆகியோரின் உள்ளத்தில் அது விட்டுச் சென்றது யாது என்று நாம் விசாரித்ததுண்டா? நமது குலத்திலேயே தாதியராயிருக்கும் பெண்மக்கள் அநேகர். அவர்களில் ஒருவரையேனும் இம்மேடைக்கு அழைத்து ஒரு வார்த்தை கேட்டோமில்லை.

இதைச் சொல்லும் தகுதி எமக்கு இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம். 2020 மார்ச்சு 22-ந் தேதி மாலை 5 மணிக்கு, ஆரோக்கிய ஊழியர்க்கு நன்றி தெரிவிக்கும் பொருட்டுத் தேசமெங்கும் ஜனங்கள் கைதட்டினர். யாமும் மொட்டைமாடியில் நின்று ஓர் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினோம். எமது வீட்டு மாடிப் பகுதியில் அப்பொழுது ஒரு தாதி குடியிருந்தார். இரவு வேலை முடித்து உறங்கிக்கொண்டிருந்த அவர் அவ்வோசையால் விழித்து வெளியே வந்து, யாம் தட்டுவதைக் கண்டு சிரித்தார். பத்து நாள் சென்றபின், அண்டை வீட்டாரின் முணுமுணுப்புக்கு அஞ்சி, வேறிடம் பார்த்துக்கொள்ளும்படி அவருக்குச் சொல்லி அனுப்பினோம். நேரில் சொல்லவும் நெஞ்சுரமில்லை. வேலைக்காரியிடம் சொல்லி அனுப்பினோம். அவர் வாதாடவில்லை. “சரி, ஐயாவிடம் சொல்லிவிடுங்கள்” என்றாராம். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வண்டி ஒன்று வந்து அவருடைய பெட்டியையும் படுக்கையையும் ஏற்றிச் சென்றது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கையில், வெள்ளையடிப்புக் கூலியென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டோம். அது ஊர் வழக்கம் என்பது எமது சமாதானம். இரண்டு வருஷம் கழித்து மனம் உறுத்தவே, அத்தொகையைக் காசோலையாகப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். பெறுவதற்கு மறுத்துவிட்டார் என்ற குறிப்புடன் அவ்வுறை திரும்பிவந்தது. இன்னும் எமது மேஜையறையில் கிடக்கிறது.

இஃது எம் ஒருவரது குற்றமன்று என்று சொல்லித் தப்பலாம். டில்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்து இளம் வைத்தியர்கள், வீட்டுச் சொந்தக்காரர்கள் தங்களை வெளியேற்றுகிறார்களென்று அதே மார்ச்சு மாதத்தில் உள்துறை மந்திரிக்கு முறையிட வேண்டியதாயிற்று. சென்னையில் நடந்ததோ நாவால் சொல்லத் தக்கதன்று. ஏப்ரல் மாதத்தில் இந்நோயால் மாண்ட ஒரு மூளை அறுவை வைத்தியரின் பிரேதத்தை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லாலும் தடியாலும் தாக்கியது. வண்டியோட்டியவர் இரத்தம் சொரிய ஓடினார். உடன் தொழில் செய்த வைத்தியர் ஒருவர் நள்ளிரவில் தம் கையாலேயே மண்வெட்டி பிடித்துக் குழியை மூடினார். இதன்மேல் ஆரோக்கிய ஊழியரைத் தாக்குவோருக்கு 5 வருஷம் வரையும், கொடுங்காயம் விளைவிப்போருக்கு 7 வருஷம் வரையும் சிறை விதிக்கும்படி, 1897-ம் வருஷத்துக் கொள்ளைநோய்ச் சட்டம் ஏப்ரல் 22-ந் தேதி அவசரச் சட்டத்தால் திருத்தப்பட்டது. கல்லெறிந்தவனுக்கு அச்சட்டம் போதும். வேலைக்காரி மூலம் சொல்லியனுப்பிய எம்மை அது தொடாது.

இனி, ஆஸ்பத்திரிக்குள்ளே அவர்கள் பட்டதைக் கேளுங்கள். தலைமுதல் கால்வரை மூடும் பாதுகாப்பு அங்கியை அணிந்தால், அதைக் களையும்வரை நீர் அருந்தவும் இயலாது. இயற்கை உபாதைக்குச் செல்லவும் இயலாது. சித்திரை வெயிலில் ஆறு மணி நேரம் அவ்வாறு நிற்பது எத்தகையதென்று சென்னைவாசிகளுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. மாதவிடாய்க் காலத்துப் பெண்களின் நிலையைத் தாய்மார்கள் உணர்வீர்கள். பணி முடிந்தாலும் வீட்டுக்குச் செல்லாமல் விடுதிகளில் ஒதுங்கியிருந்து, கைப்பிள்ளையைத் தொலைபேசித் திரையில் மட்டும் கண்ட தாய்மார் உண்டு.

ஆயினும், யாம் விசாரித்த தாதியர் எவரும் இவற்றைப் பெரிதாகச் சொல்லவில்லை. அவர்கள் சொன்னது வேறு. உறவினரை உள்ளே விடாத நாட்களில், உயிர் பிரியும் நோயாளியின் காதருகே தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றதையே அவர்கள் திரும்பத் திரும்பக் கூறினர். மறுமுனையில் மனைவி அழுவாள். மகன் ‘அப்பா’ என்பான். பிடித்திருக்கும் கை தாதியுடையது. ஒன்று முடிந்ததும் அடுத்த கட்டிலுக்குச் செல்லவேண்டும். 2021 மே மாதத்தில் சென்னைப் பெரியாஸ்பத்திரியின் வாயிலில் நோயாளிகளுடன் வண்டிகள் வரிசையாக நின்றதை நீங்களும் அறிவீர்கள். முதலில் யாரை உள்ளே எடுப்பது என்ற கேள்வி எந்நேரமும் எதிரே நின்றது. “தூக்கமில்லாதது ஒன்றுமில்லை ஐயா, அழுகை வரவில்லை, அதுதான் பயமாயிருக்கிறது” என்றார் ஒருவர்.

வேலையின் ஓயாத நெருக்கத்தால் உண்டாகும் சோர்வும், தொழிலில் வெறுப்பும், தன் வேலையால் பயனில்லை என்ற எண்ணமும் சேர்ந்த நிலையை உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ல் தனது வியாதி அட்டவணையில் விவரித்திருக்கிறது. அதனை வியாதியென்று கூறாமல், தொழிலைப் பற்றிய நிலை என்றே கூறியிருப்பது கவனிக்கத்தக்கது. பழுது வேலையின் அமைப்பில் என்பது கருத்து. இதனினும் ஆழமான புண் ஒன்றுண்டு. அமெரிக்காவில், வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்குச் சிகிச்சை செய்த ஜானதன் ஷே என்னும் மனோவைத்தியர், அதிகாரத்திலிருப்போர் நியாயத்தைக் கைவிடுங்கால் கீழிருப்போரின் மனச்சாட்சியில் காயம் உண்டாகிறதென்று கண்டார். அக்காயம் நாட்பட ஆறுவதன்று. கானடா தேசத்து டொரான்டோ நகரில் 2003-ல் சார்ஸ் நோயாளிகளைப் பேணிய ஊழியர்களை, ஒன்று இரண்டு வருஷம் கழித்து, அந்நோயாளிகளைக் காணாத ஹாமில்டன் நகரத்து ஊழியர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். டொரான்டோவினரிடம் மனத்தளர்ச்சியும் களைப்பும் அதிகமாயிருந்தன. அச்சோதனை சில மாதங்களில் தீர்ந்தது. கொரோனாவோ மூன்று வருஷம் நீடித்தது. 2020 ஜனவரி முதல் 2021 மே வரையில் மட்டும் இந்நோயால் உலகெங்கும் 80,000 முதல் 1,80,000 வரை ஆரோக்கிய ஊழியர் மாண்டிருக்கலாமென்று உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டது.

மிஞ்சியவர்களுக்கு நாம் செய்தது யாது? கொள்ளைநோயின் அவசரத்துக்காக நம் ராஜ்யத்தில் ஒப்பந்த முறையில் எடுக்கப்பட்ட தாதியரில் 2,000-க்கு மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31-ந் தேதியோடு முடிக்கப்பட்டது. அவர்கள் தெருவில் அமர்ந்து முறையிட்டனர். வேறு திட்டங்களில் இடம் தருவதாக அரசாங்கத்தார் கூறினர். அதன் நியாயாநியாயத்தை விவரிக்க நேரமில்லை. நமது கையிலுள்ளதைப் பேசுவோம்.

நமது சஞ்சிகையின் ‘மணமக்கள் தேவை’ பக்கத்தை எடுத்துப் பாருங்கள். ‘தாதி உத்தியோகம் வேண்டா’, ‘இரவு வேலை இல்லாத பெண் தேவை’ என்னும் வரிகள் மாதந்தோறும் வருகின்றன. ஆஸ்பத்திரியில் படுத்தபொழுது நமக்கு வேண்டியிருந்த அதே இரவு வேலைதான் இது! பத்திராதிபரைக் கேட்டால், விளம்பரக் கட்டணம் செலுத்துவோர் விருப்பம் என்கிறார். கட்டணம் செலுத்துவோர் எதை எழுதினாலும் அச்சிடுவதற்கு நமது சஞ்சிகை என்ன சுவரொட்டியா? அடுத்த இதழ்முதல் அவ்வரிகளை நீக்கவேண்டுமென்று இக்கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவருகிறோம். எமது மகனுக்குப் பெண் தேடி 2018-ல் யாம் கொடுத்த விளம்பரத்திலும் அவ்வரி இருந்தது. பழைய இதழ்களைப் புரட்டுவோர் காணக்கூடும். ஆகையால் யாமே சொல்லிவிடுகிறோம்.

மற்றொன்று, நமது மண்டபத்தின் மாடியறைகள். இன்னொரு கொள்ளைநோய் வருமாயின் அவற்றை ஆஸ்பத்திரி ஊழியர் தங்குவதற்கு வாடகையின்றிக் கொடுப்பதென்று இப்பொழுதே எழுதிவைக்கவேண்டும். அச்சம் வந்த பின்னர்க் கூட்டம் கூட்டினால் 2020-ல் முடிவுசெய்தது போலவே முடிவுசெய்வோம். மேலும், வருஷத்தில் ஒரு நாள் நமது குலத்துத் தாதியர் அம்மண்டபத்தில் தாங்களே கூடிப் பேசுவதற்கு வழி செய்யலாம். ஆடவர் உபந்நியாசம் அன்று வேண்டா; சாப்பாடு மட்டும் போதும். தனித்துப் பேச விரும்புவோர்க்கு, 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநல உதவிக்கு 14416 என்ற எண் உண்டு, கட்டணமில்லை. அதனைச் சஞ்சிகையின் மேலட்டையில் அச்சிட்டால் இடம் அதிகம் செல்லாது.

தத்தம் வீட்டிலும் சுற்றத்திலும் தாதியராகவும் ஆஸ்பத்திரி ஊழியராகவும் இருப்போரின் பெயர்களைக் கூட்டம் கலையுமுன் காரியதரிசியிடம் எழுதிக் கொடுக்கும்படி வேண்டுகிறோம். பெயர்ப் புத்தகம் வாயிலருகே மேஜைமேல் இருக்கிறது. பணி நீங்கியவர் பெயரையும் எழுதுக.