அடுத்த வாரம் பார்த்துக்கலாமா?

தீபாவளி நெருங்கும் மாதத்தில் என் நாள்காட்டியைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சிறப்பு நிகழ்ச்சிப் பதிவு, அது முடிந்தால் ஒரு கல்யாணம், அதுவும் முடிந்தால் தோழி வீட்டு விருந்து. தீபாவளிக்குப் பிறகோ திறந்த இல்ல உபசரிப்புகள். இந்த நாட்களில் வீட்டு வேலை என்று யாராவது வாயெடுத்தால் நம்மிடம் பதில் தயார்: "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்."

துணி மடிப்பதைத் தள்ளிப் போடுங்கள், பரவாயில்லை. மடிக்காத துணி யாரையும் கடிக்காது. தேங்கிய தண்ணீர் அப்படியல்ல.

சில ஆண்டுகளுக்கு முன் சுவாவில் அம்மா வீட்டுப் பின்புறம் மூடியில்லாத பீப்பாய் ஒன்று கிடந்தது. "என்னால தூக்க முடியல, கவிழ்த்து வச்சிட்டுப் போம்மா" என்றார். மூன்று வாரம் நானும் 'அடுத்த வாரம்' என்றேன். தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது அம்மாவுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் சூடு இறங்கியதும் நிம்மதியடைந்து நான் பதிவுக்குக் கிளம்பிவிட்டேன். டிங்கியில் சூடு இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்று எனக்கு அப்போது தெரியாது. அன்றிரவே வயிற்றுவலி, வாந்தி. ஆறு நாள் மருத்துவமனை. அந்த வருடம் எங்கள் வீட்டில் விளக்கேற்றியது பக்கத்து வீட்டு அக்கா. கொசு அந்தப் பீப்பாயில்தான் வளர்ந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் கவிழ்த்தபோது புழுக்கள் நெளிந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

தோட்டத்தில் இந்த வேலை யாருடைய விருப்பத்துக்கும் விடப்பட்டதில்லை. 1901-ல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பு நீரை வடிகட்டி மலேரியாவைக் குறைத்துக் காட்டினார். காய்ச்சலில் நம் ஆட்கள் கூட்டம் கூட்டமாக மடிந்த காலம் அது. பிறகு தோட்டங்களில் கால்வாய்களுக்குக் கொசு எண்ணெய் அடிக்கவே ஆள் போட்டார்கள். அவருக்கு வாரக் கணக்குதான். கொசு முட்டை பொரித்துப் பறப்பதற்குள் அடுத்த முறை வந்துவிட வேண்டுமே! மரம் வெட்டாத நாட்களில் பால் மங்கைக் கவிழ்த்து வைப்பதும் அப்படித்தான். மழைத் தண்ணீர் நின்றால் அதுவே கொசுத் தொட்டில்.

லயத்தை விட்டு வந்தோம். எண்ணெய் அடித்தவர் நம்மோடு வரவில்லை. அந்த வேலை மட்டும் வந்துவிட்டது. மலேரியாக் கொசு ஓடையில் வளர்ந்தது. ஏடிஸ் நம் பூச்சாடியிலும் ஐஸ்பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தட்டிலும் வளர்கிறது. முட்டை கொசுவாக மாற 7 முதல் 10 நாள் போதும். காய்ந்த பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். அதனால் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். தீபாவளி வரும் அக்டோபர், நவம்பரில்தான் நம் பக்கம் சாயங்கால மழையும் அதிகம். 2019-ல் மட்டும் இந்நாட்டில் 130,101 பேருக்கு டிங்கி கண்டது. 182 பேர் இறந்தார்கள்.

"புகை அடிக்க வருவாங்கல்ல?" என்று கேட்பவர்கள் எங்கள் ஊரில் உண்டு. காரணம் புரிகிறது. 1998-99-ல் பக்கத்துப் புக்கிட் பெலாண்டோக்கில் காய்ச்சல் பரவியபோது, முதலில் கொசு பரப்பும் மூளைக்காய்ச்சல் என்றே நினைத்தார்கள். அது பன்றிகள் வழியே வந்த நிப்பா வைரஸ் என்று பின்னர்தான் தெரிந்தது. புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். தண்ணீரில் இருக்கும் புழுவை நாம்தான் கொட்ட வேண்டும். 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டில் புழு கண்டால் அபராதமும் உண்டு.

நேரமில்லை என்பீர்கள். எனக்கும் இல்லை. ஆனால் எவ்வளவு வேலை இருந்தாலும் வெள்ளிக்கிழமை வீடு கழுவி விளக்கேற்றுவதை நம் வீட்டுப் பெண்கள் தள்ளிப் போடுவதில்லை. அந்த வாளியோடே பின்கட்டுக்கும் ஒரு நடை போகலாமே, பத்து நிமிடம். ஆண்களே, பீப்பாயைக் கவிழ்ப்பது உங்கள் பங்கு. போன வெள்ளி எங்கள் வீட்டுச் சுற்றில் அகப்பட்டவை: ஒரு சிரட்டை, ஒரு பழைய டயர், பேரனின் விளையாட்டு லாரி. லாரியின் பின்பெட்டியில் கால் டம்ளர் தண்ணீர் இருந்தது. அம்மாதான் அதைக் கண்டுபிடித்தார்.