கோணமே தூரம்

இயற்கைத் துறைமுகம் என்றதும் திருகோணமலை நினைவுக்கு வரும். அங்கே கொட்டியாரக் குடாவைக் கடந்த ஓரிடத்தினின்று இரு வள்ளங்கள் புறப்படுகின்றன என்று கொள்வோம். ஒன்று நேர் கிழக்கே செல்கின்றது; மற்றையது ஒரு பாகை மட்டும் விலகிச் செல்கின்றது. அவ்விரு வழிகளுக்கும் இடையேயுள்ள தூரம் யாது?

புறப்பட்ட இடத்தில் தூரம் பூச்சியம். அறுபது மைல் சென்றபின் ஏறத்தாழ ஒரு மைல். மேலும் செல்லச் செல்ல அஃது எல்லையின்றி வளரும். ஆகவே பூச்சியம் என்பதும் பயனில்லை. எல்லையின்மை என்பதும் பயனில்லை.

நேரியல் அட்சரகணிதம் ஆராயும் துணைவெளிகளுக்கும் இதே இடர் உண்டு. உற்பத்தித்தானத்தின் வழியே செல்லும் கோடுகளும் தளங்களும் துணைவெளிகளே. அவை யாவும் அப்புள்ளியிற் சந்திப்பதால், மிகக் குறுகிய தூரம் எப்பொழுதும் பூச்சியமாகும்.

இதற்குக் கணித அறிஞர் கண்ட வழி எளிது. ஒரு கோட்டின் வழியே ஓரலகு மட்டும் சென்று, அங்கிருந்து மற்றைக் கோட்டுக்குச் செங்குத்து வரைக. அதன் நீளமே தூரம். அஃது இடைக்கோணத்தின் சைன் ஆகும். கோணம் 30 பாகையாயின் தூரம் அரை. 90 பாகையாயின் ஒன்று. அதற்கு மேல் வளராது.

தளங்களுக்கு வருவோம். நம் முப்பரிமாண வெளியில், உற்பத்தித்தானத்தினூடு செல்லும் வெவ்வேறான இரு தளங்கள் ஒரு கோட்டில் வெட்டுகின்றன. அக்கோட்டின் மேற் சென்றால் விலகலே இல்லை. ஆதலால் எத்திசையில் விலகல் மிகப் பெரிதோ, அதனையே தூரமாகக் கொள்ளல் வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒரு கோடு தளத்தினுள் கிடப்பின், கோட்டினின்று தளத்துக்குத் தூரம் பூச்சியம். தளத்தினின்று கோட்டுக்கோ ஒன்று. எனவே இருபுறமும் அளந்து பெரியதைக் கொள்க.

பரிமாணம் மிகுந்தால் கோணங்களும் பலவாகும். அவற்றைப் பிரான்சிய அறிஞர் காமில் யோர்டான் 1875இல் ஆராய்ந்தார். 1936இல் அமெரிக்கரான ஹரோல்ட் ஹோட்டலிங் இருதொகுதி அளவீடுகளின் உறவைக் காண வகுத்த முறையும் இக்கோணங்களின் வழிப்பட்டதே.

கரையருகே ஒரு பாகை கண்ணுக்குப் புலப்படாது. இரவில் ஆழ்கடலினின்று திசைகாட்டியை நம்பித் திரும்பும் மீனவனுக்கோ, அவ்வொரு பாகையே கரை தவறுவதற்குப் போதும். பிழையைத் தொலைவிற் கண்டு வருந்துவதினும், தொடக்கத்திற் கோணமாக அளந்தறிவதே அறிவுடைமை.