மேற்கே கறுத்தால் துணி, கிழக்கே கறுத்தால் தார்ப்பாய்

சென்னை சென்ட்ரலுக்கு ரயிலில் வந்த யாருக்கும் பேசின் பிரிட்ஜைத் தெரியாமல் இருக்காது. பெட்டியை இறக்கி வாசலோரம் வைத்து, செருப்பையும் மாட்டிக்கொண்டு நிற்போம். இன்னும் ரெண்டே கிலோமீட்டர்தான். வண்டி நின்றுவிடும். அரக்கோணம், கும்மிடிப்பூண்டி, பீச் என்று மூன்று பக்கத்துத் தடங்களும் கூடுகிற இடம். சிக்னல் விழுந்தால்தான் நகரும். எல்லாரும் திட்டிய ஊர், இறங்கிப் பார்த்தவர்கள்தான் குறைவு. இன்று இறங்குவோம். மாதம் புரட்டாசி.

பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்று இந்த மாதத்தைச் சொல்வார்கள். இரண்டும் ஒரே நாளில் நடப்பதைப் பார்க்க வடசென்னையில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ராயபுரத்துச் சந்திலோ வண்ணாரப்பேட்டைச் சந்திலோ நின்றால் தலைக்கு மேல் ஒரு முழம் வானம் தெரியும். இங்கே தண்டவாளங்கள் பரந்து கிடப்பதால் மேற்கும் தெரிகிறது, கிழக்கும் தெரிகிறது.

பாலத்துக்குக் கீழே பக்கிங்காம் கால்வாய். 1806ல் எண்ணூரை நோக்கி வெட்டிய பழைய கொக்ரேன் கால்வாய்தான் இது. 1877-78 பஞ்சத்தில் பசித்த ஜனங்களுக்குக் கூலி வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டியபோது கவர்னர் பக்கிங்காமின் பெயர் ஒட்டிக்கொண்டது. உப்பும் விறகும் படகில் வந்த காலம் போய், இப்போது கறுத்த தண்ணீரும் ஆகாயத்தாமரையும். ஓட்டேரி நல்லாவும் இங்கேதான் வந்து சேர்கிறது. அதனால் அயனாவரத்தில் பெய்த மழை கொஞ்ச நேரத்தில் இந்தப் பாலத்தடியில் தெரியும்.

புளியந்தோப்பு பக்கம் ஒரு வரிசை வீட்டின் பின்கட்டுக்குப் போனேன். அகலம் நாலைந்து அடி. பெயர் என்னவோ தோட்டம்தான். ஒரு முருங்கை, ஒரு நீல டிரம், ஒரு துணிக்கொடி. மதிலுக்கு வெளியே எருக்கு. அதன் இலையை விளிம்பிலிருந்து அரித்துக்கொண்டிருந்தன வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழுக்கள்: வெள்ளை, கறுப்பு, மஞ்சள் வளையங்களோடு, எருக்கம் பாலின் நஞ்சைப் பற்றிய கவலையே இல்லாமல். முருங்கையின் அடிமரத்திலோ சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. பட்டை என்று நினைத்துக் கை வைத்தால் தொலைந்தோம், அவ்வளவும் கம்பளிப்பூச்சி. மழை விழுந்ததும் பெருகும். பகலில் மரத்தோடு ஒட்டிக் கும்பலாகக் கிடந்து, ராத்திரி ஏறி இலையைத் தின்னும். வீட்டு ஆயா துணிப்பந்தம் சுற்றித் தயாராக வைத்திருந்தார்.

அவர்தான் எனக்கு வானிலையும் சொன்னார். “மேக்க கறுத்தா துணிய எடுத்தா போதும், ஒரு ஆட்டம் ஆடிட்டுப் பூடும். கடல் பக்கம் கறுத்தாதான் பேஜாரு. கூரைக்குத் தார்ப்பாய் தேடணும்.”

வானிலைக்காரர்கள் படம் போட்டு விளக்குவதும் இதைத்தான். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் பகலெல்லாம் மேல்காற்று சுடும். மதியத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே நுழைந்து அதோடு மோதும். சூடும் ஈரமும் சேர்ந்து மேலே ஏறும். செங்குன்றம், திருவள்ளூர் பக்கம் மேகம் கோபுரம் கட்டி, சாயங்காலமாக இடியோடு நகரத்துக்குள் வரும். வெப்பச்சலன மழை என்று செய்தியில் கேட்கிறோமே, அது. ஐப்பசி பிறக்கும்போது காற்று வடகிழக்குக்குத் திரும்பிவிடும். வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் பருவமழை தொடக்கம். அதற்குப் பிறகு மேகம் கடலிலிருந்து வரும். பெரும்பாலும் ராத்திரியில், விடியற்காலையில், இடி முழக்கம் குறைவாக, மணிக்கணக்கில். சென்னையின் ஆண்டு மழை சுமார் 140 சென்டிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. ஆகவே இங்கே கோடை முடிந்ததா என்று தெரிய வெயிலைப் பார்த்துப் பயனில்லை. மழை எந்தப் பக்கமிருந்து, எந்த நேரத்தில் வருகிறது என்று பார்க்கவேண்டும்.

அந்தத் திருப்பத்தை முன்கூட்டியே அறிந்தவை மாதிரி சில வந்து சேர்கின்றன. ரயில் பெட்டிகளைக் கழுவும் யார்டுப் பக்கம் தேங்கிய தண்ணீருக்கு மேலே மஞ்சள் தட்டான்கள் கூட்டமாகச் சுற்றுகின்றன. இந்த இனம் மழைக் குட்டையில் முட்டையிட்டுவிட்டு மழையின் பின்னாலேயே ஊர் ஊராகப் போவது. அக்டோபரில் மாலத்தீவில் திரளும் தட்டான்கள் இந்தியாவிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கடல் தாண்டுபவை என்று சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர் 2009ல் எழுதினார். இங்கே சுற்றுபவற்றில் எது கடல் தாண்டும், எது பல்லிக்கு இரையாகும், யார் கண்டார்?

மின்கம்பியில் தகைவிலான்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன, வடக்கேயிருந்து வந்த விருந்தாளிகள். சீமைக்கருவேலத்தின் உச்சியில் பழுப்புக் கீச்சான் ஒன்று அந்தி நேரத்தில் கரகரவென்று கத்துகிறது. பெயர் அழகு, குரல் அப்படியில்லை.

நான் போன அன்று ஐந்து மணிக்கு மேற்கு கறுத்தது. புழுதி எழுந்தது, தகரங்கள் தடதடத்தன, ஆயா துணியை அள்ளினார். அரை மணி அடித்துப் பெய்து ஓய்ந்தது. தார்ப்பாய் பரணில்தான் இருந்தது.

நீங்கள் போவதாக இருந்தால் ஆவடி வண்டியோ கும்மிடிப்பூண்டி வண்டியோ பிடித்து மூன்று மணிக்குள் இறங்குங்கள். பறவைகளும் கிடைக்கும், மேகமும் கிடைக்கும். திரும்பும்போது ஆட்டோக்காரர் மழைத் தண்ணீர் தேங்கும் கணேசபுரம் சுரங்கப்பாதை வழியாகப் போகலாம் என்றால் மட்டும் மழை விட்டு எவ்வளவு நேரமாயிற்று என்று கணக்குப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.