வைஃபை வரலையா? முதல்ல விளக்கைப் பாருங்க!



பட்டா, சாதிச் சான்று, கரண்ட் பில் எல்லாமே இன்றைக்கு நம் போனுக்குள் வந்துவிட்டன. ஆனால் வீட்டு நெட் நின்னுபோச்சுன்னா?

எங்க வீடு சிதம்பரத்தில். ஒருநாள் ராத்திரி தங்கச்சி கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பிக்கிட்டு இருந்தா. அன்றைக்குத்தான் கடைசி நாள். பத்தரை மணிக்கு நெட் போயிடுச்சு. அப்பா பதற்றத்தில் ரூட்டர் பின்னாடி இருந்த குட்டி ஓட்டையில் ஊக்கை விட்டு அழுத்திட்டார். அது ரீசெட் பொத்தான். உள்ளே இருந்த யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் அழிஞ்சுபோச்சு. காலையில் பார்த்தால், தெருமுனையில் கேபிள் அறுந்து கிடக்குது! ரூட்டர் மேல தப்பே இல்லை. கேபிளை ஒட்டிய பிறகும், அழிஞ்ச செட்டிங்கைத் திரும்பப் போட இரண்டு நாள் ஆச்சு. விண்ணப்பம் என் போன் ஹாட்ஸ்பாட்டில்தான் பதினொன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த இரண்டு நாள் உங்களுக்கு வீணாகாமல் இருக்கத்தான் இந்தப் பேச்சு. வரிசையாகப் பார்ப்போம்.

முதலில், இன்னொரு போனில் நெட் வருதான்னு பாருங்க. அதில் வந்தால் கோளாறு உங்க போனில்தான். வைஃபை பெயரை 'ஃபர்கெட்' செய்து, பாஸ்வேர்டு போட்டு மறுபடி இணையுங்கள்.

எதிலுமே வரவில்லையா? ரூட்டர் விளக்கைப் பாருங்க. ஒரு விளக்கும் எரியவில்லை என்றால் அடாப்டர், பிளக், சுவிட்சைச் சோதியுங்கள். ஃபைபர் இணைப்பில் 'எல்.ஓ.எஸ்.' விளக்கு சிவப்பாக இருந்தால், வெளியிலிருந்து ஒளி சிக்னலே வந்து சேரவில்லை என்று அர்த்தம். ஃபைபர் வயர் வீட்டுக்குள் மடங்கியிருக்கான்னு மட்டும் பாருங்க. வயர் முனையைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்காதீங்க. உள்ளே வருவது லேசர். மடங்கவில்லை என்றால் உடனே நிறுவனத்தில் புகார் பதிந்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

விளக்கெல்லாம் சரி, நெட் மட்டும் இல்லையா? பிளக்கைப் பிடுங்கி அரை நிமிஷம் விட்டு மாட்டுங்கள். ஐந்து நிமிஷம் பொறுங்கள். அப்பவும் வரலைன்னா, மாதக் கட்டணம் முடிஞ்சுபோச்சான்னு பாருங்க. ஓட்டைக்குள் மட்டும் ஊக்கு போகவே கூடாது!

கூடத்தில் வருது, உள் அறையில் வரலையா? 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டத் திணறும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகம் குறைவு, ஆனால் தூரம் போகும். உள் அறையில் அதில் இணையுங்கள். ரூட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள்.

இதற்கிடையே, "உங்க நெட்டைச் சரிசெய்றோம், இந்த ஆப்பைப் போடுங்க, ஓ.டி.பி. சொல்லுங்க" என்று யாராவது போன் செய்தால் கட் செய்துவிடுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

கடைசியாக, நம்ம ஊர் விஷயம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூரை என்ன பாடுபடுத்தியது என்று பெரியவங்களைக் கேளுங்க. 2024-இல் ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் புகுந்ததை நாமே பார்த்தோம். மரம் சாய்ந்தால் கம்பத்தில் போகும் கேபிளும் அறுந்துபோகும். அதனால் மழைக்காலத்தில் ஒரு போனிலாவது மொபைல் டேட்டா இருக்கட்டும். பவர் பேங்கை நிரப்பி வையுங்கள். இடி இடிக்கும் முன்பே ரூட்டர் பிளக்கைப் பிடுங்கிடுங்க. மின்சாரப் புகாருக்கு மின்னகம் 94987 94987. பேரிடர் உதவிக்கு மாவட்டத்தில் 1077, மாநில அளவில் 1070. இந்த எண்களைப் போனில் மட்டுமில்லாமல் சுவரிலும் எழுதி வையுங்கள்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வரை காத்திருக்காதீங்க. நெட் கைவிட்டால், பகலில் பக்கத்து இ-சேவை மையம் இருக்கு.