எல்லை கடக்கும் இழிவும் எல்லையில் நிற்கும் சட்டமும்



மொழிகாக்கச் சிறைப்பட்டு, 1939இல் உயிரீந்த நடராசனும் தாளமுத்துவும் உறங்கும் மண் இம் மூலக்கொத்தளம். அவர்கள் கலந்துகொண்ட அதே இந்தியெதிர்ப்புப் போரில், பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சாடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், 1938இல் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தே வந்தார். மொழிமானமும் பெண்மானமும் வேறல்ல என்பதற்கு அந்நடையே சான்று.

அம்மானம் எல்லைக்கப்பால் விலைபோயிற்று. 1990இல் பம்பாய் விலைமனைகளிலிருந்து மீட்கப்பட்ட நூற்றுக்கணக்கான தமிழ்ப்பெண்கள் தனித் தொடர்வண்டியில் தமிழகம் திரும்பினர். பெண்கள் மீண்டனர், அவர்களை விலைக்கு வாங்கியோர் என்னவாயினர்?

1956ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் தரகனையும் மனை நடத்துவோனையும் ஒறுக்கிறது. அகவை நிரம்பிய பெண்ணை வாங்குவோனையோ, கோயில், பள்ளி முதலிய பொதுவிடங்களின் அருகிலும் அரசு அறிவித்த பகுதிகளிலுமன்றி நேராகக் குற்றவாளி என்று கூறவில்லை. சுவீடன் 1999இல் பெண்ணை விட்டு, வாங்குவோனையே ஒறுத்தது. நோர்வே 2009இல் ஒருபடி மேற்சென்று, தன் குடிமகன் அயல்நாட்டில் வாங்கினும் குற்றமென்றது. ஆயினும், அச்செயலைக் குற்றமெனக் கொள்ளாத நாட்டில் சான்று திரட்டித் தருவார் யார்? அங்கே சட்டம் ஏட்டளவில்தான் எல்லை கடக்கிறது.

பெண்ணைக் கடத்துவோனுக்கு எல்லையில்லை. காவலனுக்கு மட்டும் ஏன்? மாநில அரசுகள் கைகோத்து வாங்குவோனைத் தொடர்க! மீண்ட பெண்ணுக்கு வீடும் தொழிலும் தருக! வறுமை நீங்காவிடில் தரகன் மீண்டும் வருவான்.

வெல்க தமிழ்! வாழ்க பெண்மானம்!