கேமராவும் கணினியும்: நம் தோட்டத்துப் பிள்ளை ஒருவனின் கதை

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



‘பொழுதுபோக்கின் பயன்கள்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். பயன்களைப் பட்டியல் போட எனக்கு வராது. ஆகவே எனக்குத் தெரிந்த ஒருவனைப் பற்றிச் சொல்லிவிட்டு அமர்கிறேன். இதே பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவன் அவன். பெயர் சொல்ல வேண்டாமென்று கேட்டுக்கொண்டதால் நண்பன் என்றே சொல்கிறேன்.

நண்பன் கணினி படித்துச் சைபர்ஜெயாவில் மென்பொருள் வேலைக்குப் போனான். நாம் வங்கியில் பணம் அனுப்பினால் அது சரியான கணக்கில் போய்ச் சேர வேண்டுமல்லவா? அதற்குக் கணினிக்கு வரிவரியாகக் கட்டளை எழுதுகிற வேலை. நல்ல சம்பளம். சனி, ஞாயிறு வந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

ஒருநாள் அவன் அம்மா என்னைத் தேடி வந்தார். “தம்பி, நீ வாத்தியாராச்சே, அவனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லு. கம்ப்யூட்டர் படிச்சவனுக்குக் கேமரா எதுக்கு? சம்பளத்தையெல்லாம் கண்ணாடியில கொட்டுறான்” என்றார். கண்ணாடி என்று அவர் சொன்னது லென்சை.

கணினிக்கும் கேமராவுக்கும் உறவே இல்லையென்று அவர் எண்ணியதில் தவறில்லை. நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். பிறகுதான் படித்தேன். தாமஸ் நோல் என்ற அமெரிக்கர் சிறுவயதில் தம் தந்தையார் வீட்டில் வைத்திருந்த இருட்டறையில் படம் கழுவக் கற்றவர். 1987-இல் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, கணினித் திரையில் சாம்பல் நிறங்களைக் காட்ட ஒரு நிரல் எழுதினார். அதை அவரும் அவர் சகோதரர் ஜானும் வளர்த்தார்கள். 1990-இல் அது ஃபோட்டோஷாப் என்ற பெயரில் வெளிவந்தது.

நிற்க. புத்தி சொல்லத்தான் போனேன். உண்மையைச் சொன்னால் பாதி பொறாமையோடுதான் போனேன். அவன் தன் கணினியைத் திறந்து காட்டினான். முப்பதாயிரத்துக்கும் மேலே படங்கள்! இரட்டைக் கோபுரம், தைப்பூசத்தில் பத்துமலை, கடலில் சூரிய உதயம். எல்லாம் நாட்காட்டிப் படம்போல அழகாக இருந்தன. அழகான படங்களைப் பார்த்துவிட்டுப் புத்தி சொல்ல வாய் வரவில்லை. திரும்பிவிட்டேன்.

சில மாதங்களில் அவன் அப்பா காலமானார். முப்பது வருடத்துக்கு மேலே இந்தத் தோட்டத்தில் பால் வெட்டியவர். உங்களில் பலருக்குத் தெரியும். பத்திரிகையில் மரண அறிவிப்புப் போட ஒரு படம் வேண்டும். இரவு 10 மணியிலிருந்து 2 மணிவரை இருவரும் தேடினோம். அத்தனை ஆயிரம் படங்களில் அப்பா இரண்டே இடத்தில் இருந்தார். ஒன்றில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முதுகு காட்டுகிறார். மற்றொன்றில் செம்பருத்திப் பூவுக்குப் பின்னால் மங்கலாக நிற்கிறார். பூதான் தெளிவாக இருந்தது. கடைசியில் அடையாளக் கார்டுப் படத்தைப் பெரிதாக்கினோம். அதில் கண்ணே சரியாகத் தெரியவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவன் தண்ணீர்க் குழாயடியில் வந்து நின்று, “ஊரெல்லாம் எடுத்தேன்டா” என்றான். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவன் புதுக் கேமரா வாங்கவில்லை. இருந்த லென்சுகளில் இரண்டை விற்றுவிட்டான். 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை இரவே வீட்டுக்கு வந்து, விடிய 4.30 மணிக்கு எழுந்து, பால் வெட்டுக்குப் போகிறவர்களோடு நடக்க ஆரம்பித்தான்.

முதல் இரண்டு மாதம் ஒரு படமும் தேறவில்லை. காரணம் உங்களுக்கே தெரியும். குளிர்ச்சியான நேரத்தில்தான் பால் நன்றாக வடியும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். ஆகவே இருட்டிலேயே வேலை தொடங்கியாக வேண்டும். கேமராவிலுள்ள ஒளியளவியோ, தான் காணும் காட்சி முழுவதும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக் கணக்குப் போடும். சுற்றிலும் காடு இருட்டாக இருப்பதால் அது வெளிச்சத்தைக் கூட்டிவிடும். தலைவிளக்குப் பட்ட இடம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போகும். உளி பிடித்த கை அசைந்து குழம்பிப் போகும்.

இங்கேதான் அவனுடைய அலுவலகப் பழக்கம் கைகொடுத்தது. நிரலில் பிழை வந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்துக் குறித்துவைப்பார்களாம். ஐந்தை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது. அப்படியே ஒவ்வொரு வாரமும் ஒன்றை மாற்றிப் பார்த்தான். முடிவில் தானியங்கியை நிறுத்திவிட்டு, லென்சின் திறப்பு 1.8, வேகம் ஒரு நொடியில் 60-இல் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ 3200 என்று தானே வைத்துக்கொண்டான். விளக்கு மரப்பட்டையில் பட்டுத் திரும்பி முகத்தில் விழும்வரை காத்திருந்து எடுத்தான். எடுத்ததை அலுவலகத்து நண்பர்கள் இருவரிடம் காட்டி, குற்றம் மட்டும் சொல்லுங்கள் என்று கேட்பான். அவர்கள் தொழிலில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்துத் திருத்துவது வழக்கமாம். நம் ஆசிரியர்களிடையேயும் அந்த வழக்கம் இருந்தால் தேவலை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆனால் கேமராவைவிட மனிதர்கள்தான் கஷ்டம். நிர்வாகத்திடம் அனுமதி வாங்கிவிட்டான். நிரையில் நின்ற ஓர் அக்காளோ, “எங்க அழுக்குச் சட்டையை எதுக்குப்பா புடிக்கிற? போன தடவையும் ஒருத்தன் வந்து எடுத்தான். ஒரு படம் கண்ணுல காட்டல” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நண்பன் அன்று கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு வாளி தூக்கினான். மறுமுறை வந்தபோது, முன்பே எடுத்திருந்த மற்றவர்களின் படங்களை அஞ்சலட்டை அளவில் அச்சடித்து அவரவர் கையில் கொடுத்தான். அதற்கடுத்த மாதம் அந்த அக்காளே கூப்பிட்டார், “தம்பி, இன்னிக்கு நல்ல சேலை கட்டியிருக்கேன், வா.” நல்ல சேலையிலும் எடுத்தான், பிறகு வேலைச் சட்டையிலும் எடுத்தான்.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறிப்பு உண்டு. பெயர், என்ன வேலை, எத்தனை வருடம், எந்தத் தோட்டத்திலிருந்து வந்தவர் என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினான்.

இடையில் ஒரு சறுக்கலும் உண்டு. கூலிக்கு ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போனான். தாலி கட்டும் படங்கள் இருந்த நினைவட்டை கெட்டுப்போயிற்று. மறுபிரதி இல்லை. பெண்ணின் தகப்பனார் முன் நின்று அதைச் சொன்னது, தன் வேலை நேர்காணலைவிடப் பயமாக இருந்தது என்றான். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். இப்போது எதற்கும் மூன்று பிரதி; அதில் ஒன்று வேறு வீட்டில். என் வீட்டு அலமாரியிலும் ஒன்று இருக்கிறது.

“அப்படியானால் வேலையை விட்டுவிடேன்” என்று நானே ஒருமுறை சொன்னேன். அப்படி விட்டவர்களும் உண்டு. பிரேசில் நாட்டில் 1944-இல் பிறந்த செபஸ்தியாவோ சால்காடோ, அனைத்துலகக் காப்பி அமைப்பில் பொருளாதார நிபுணராக இருந்தவர். மனைவி வாங்கிய கேமராவில் பழகி, 1973-இல் படக்காரரானார். உலகெங்கும் உடலால் உழைப்பவர்களை எடுத்து 1993-இல் பெரிய நூலாக வெளியிட்டார், 2025-இல் காலமானார். விடாதவர்களும் உண்டு. கோலாலம்பூரில் 1915-இல் பிறந்த லோக் வான் தோ, கேத்தே திரையரங்குகளை நடத்திக்கொண்டே பறவைகளைப் படமெடுத்துப் பெயர் பெற்றவர். 1957-இல் பறவைகளைப் பற்றி நூல் எழுதினார். 1964-இல் தைவானில் விமான விபத்தில் இறக்கும்வரை தொழிலையும் விடவில்லை, பறவையையும் விடவில்லை.

நண்பன் சிரித்தான். “வீட்டுக் கடன் இருக்குடா. அதோட, சம்பளம் வர்றதாலதான் இந்தப் படத்துக்கு யார்கிட்டயும் காசு கேட்காம இருக்கேன்” என்றான். அது அவன் கணக்கு. நான் மறுக்கவில்லை.

பெற்றோர்களே, இதைக் கேட்டுவிட்டு வீட்டில் பிள்ளை கேமரா கேட்டு அழுதால் என்னைத் திட்டாதீர்கள். ஏ4 தாளளவுக்குத் தெளிவாக அச்சடிக்க ஏறக்குறைய 87 இலட்சம் புள்ளிகள் போதும். உங்கள் கைப்பேசியில் பெரும்பாலும் அதற்கு மேலேயே இருக்கிறது. பாட்டியை வாசலில், வெயில் நேரே படாத நிழலில் உட்காரவைத்து எடுக்கச் சொல்லுங்கள். எடுத்ததை அச்சடித்துப் பின்னால் பெயரும் தேதியும் எழுதச் சொல்லுங்கள்.

அவன் எடுத்தவற்றில் 42 படங்களை ஐந்தாம் ஆண்டு வகுப்பறைச் சுவரில் மாட்டியிருக்கிறோம். தேநீருக்குப் பின் போய்ப் பாருங்கள். ஏழாவது படத்தில் மங்கு கழுவிக்கொண்டிருக்கும் அம்மாவின் பெயர் மட்டும் நோட்டில் இல்லை. மழை வந்துவிட்டதால் அன்று கேட்க முடியவில்லையாம். அடுத்த முறை போனபோது அவரைக் காணவில்லை. மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். யாருக்காவது அவரைத் தெரிந்தால் கதவருகே தொங்கும் நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள். அவருக்குரிய படம் ஓர் உறையில் போட்டு என்னிடம் இருக்கிறது.